சம்பந்தி படித்த தாள்

“மூடி மறைக்க இது என்ன முகப்பருவா? ஊரைக் கூட்டி வச்சுப் படிக்கட்டுமா?”

ஊரைக் கூட்ட வேண்டிய அவசியமே இல்லை. மாப்பிள்ளையின் அம்மா சாதாரணமாகப் பேசினாலே நாலு வீடு தள்ளிக் கேட்கும். இரண்டு வீடும் இருந்த அந்தத் தெருவில் அவளுக்கு ‘மைக் செட்’ என்றுதான் பெயர். அன்று மத்தியானம் பெண் வீட்டு ஹாலில் நின்று அவள் போட்ட சத்தத்தில், எதிர் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் ஒரே துண்டை மூன்று தடவை உதறினாள்.

“சம்பந்தி, கொஞ்சம் மெதுவா...” பெண்ணின் அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள்.

“யாருக்கு யாரு சம்பந்தி? போன ஞாயித்துக்கிழமை என் பொண்ணைப் பார்க்க வந்தாளே உங்க மக, அப்ப மறந்துட்டுப் போன பையில இருந்துச்சு இது. கருக்கலைப்பு பண்ற ஆஸ்பத்திரித் தாள்! கல்யாணத்துக்கு இன்னும் இருபதே நாள்!”

பெண் சுவரோரம் நின்றாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள், வருகிறவர்களின் எரிச்சலையெல்லாம் வாங்கிக்கொண்டு பழகியவள். வாயே திறக்கவில்லை. மைக் செட்டுக்கு அது இன்னும் வசதியாகப் போயிற்று.

மைக் செட் தன் மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டினாள். வருங்கால மருமகளே பார்த்துப் பார்த்துச் செய்து கொடுத்த கண்ணாடி. அந்த நேரத்தில் அது ஞாபகம் வருமா என்ன?

“பேரு இல்ல, டோக்கன் நம்பர்தான். ஆனா கீழே கையெழுத்து இருக்கே! கண்ணாடி பில்லுல பார்த்த அதே கையெழுத்து. கேளுங்க. ‘மயக்க மருந்து தருவதால், ஆறு மணி நேரத்துக்கு முன்பிருந்தே எதுவும் சாப்பிடக் கூடாது.’ பட்டினி கிடந்திருக்கா மகராசி! ‘தனியாக வரக் கூடாது. உடன் வருபவர் எல்லாவற்றையும் படித்துக் கையெழுத்திட வேண்டும்.’ எவன்டி துணைக்கு வந்தான்? சொல்லு!”

பெண் தரையைப் பார்த்தாள்.

“‘இரண்டு வாரம் வரை உதிரப்போக்கு இருக்கலாம். கனமானதைத் தூக்கக் கூடாது. தாம்பத்தியம் கூடாது.’ ஐயோ, இதையெல்லாம் என் வாயால படிக்க வேண்டியிருக்கே!” என்றாள். ஆனால் ஒரு வரியைக்கூட விடவில்லை. “‘மாத்திரையைப் பாதியில் நிறுத்தக் கூடாது. மணிக்கு இரண்டு பேடுக்கு மேல் நனைந்து, இரண்டு மணி நேரம் தொடர்ந்தால் உடனே வரவும். காய்ச்சலோ குளிர் நடுக்கமோ தாங்க முடியாத வயிற்றுவலியோ இருந்தாலும் உடனே வரவும். தாமதித்தால் உயிருக்கு ஆபத்து.’ செத்துத் தொலைஞ்சிருந்தாக்கூட எங்க மானம் மிஞ்சியிருக்கும்!”

பெண்ணின் அம்மாவுக்குத் தாங்கவில்லை. மகளின் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். “வாயைத் திறந்து ஏதாவது சொல்லித் தொலையேன்டி!”

மைக் செட் தாளை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். வந்த காரியம் முடிந்த நிம்மதி முகத்தில் தெரிந்தது. “சரி, நான் கிளம்பறேன். முந்தாநாள்ல இருந்து என் பொண்ணு காய்ச்சல்ல கிடக்கா. மூணு போர்வை போத்தியும் உடம்பு தூக்கித் தூக்கிப் போடுது. அவளைத் தனியா விட்டுட்டு உங்க லட்சணத்தைப் பேச ஓடி வந்திருக்கேன் பாருங்க, என்னைச் சொல்லணும்!”

அப்போதுதான் பெண் நிமிர்ந்தாள்.

“நடுங்குறாளா? முந்தாநாள்ல இருந்தா?”

விறுவிறுவென்று கிட்டே வந்து, எதிர் மாடிக்குக் கேட்காத குரலில் சொன்னாள். “அத்தை, உடனே ஒரு வண்டி பிடிங்க. அவளை இப்பவே அந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும். தாள் அவளோடது. நான் கூடப் போனவதான்.”

மைக் செட்டுக்குச் சத்தமே வரவில்லை. தெரு அறிய அதுதான் முதல் தடவை.

மைக் செட்டின் மகள் பிழைத்தாள். ஆஸ்பத்திரியில் இருந்த ஒன்பது நாளும் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் கண்ணாடிக் கடைப் பெண்தான். பத்தாம் நாள் கல்யாணம் நின்றது. எல்லாம் தெரிந்த ஒருத்தியை மருமகளாக வீட்டுக்குள் நடமாட விட்டுவிட்டு, மாமியார் எந்த முகத்தோடு அதிகாரம் பண்ணுவது? மாப்பிள்ளை வழக்கம்போல அம்மா சொன்னதற்குத் தலையாட்டினான்.

பெண் யாரிடமும் மூச்சு விடவில்லை. சிநேகிதியாகிவிட்ட மைக் செட் மகளுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருந்தாளாம். வேறு கிளைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு, அம்மாவோடு ஊரைவிட்டே போய்விட்டாள்.

ஆறு மாதத்தில் மைக் செட்டின் மகளுக்கு அமர்க்களமாகக் கல்யாணம் நடந்தது. வேறு கடையில் செய்த புதுக் கண்ணாடியோடு வாசலில் நின்று எல்லோரையும் வரவேற்றாள் மைக் செட்.

“ஆமா, உங்க பையனுக்குப் பேசி முடிச்சிருந்தீங்களே, அந்தக் கண்ணாடிக் கடைப் பொண்ணு... ஏன் நின்னு போச்சு?” என்று, அன்றைக்கு எதுவுமே காதில் விழாதவள் போலக் கேட்டாள் பெண் வீட்டு எதிர் மாடிக்காரி.

மைக் செட் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள்.

“நடத்தை சரியில்லம்மா. ஆதாரம் இன்னும் என் பீரோவுலதான் இருக்கு.”