பாறை படித்த ஆணை

"எந்த உயிரையும் கொல்லக் கூடாது" என்ற அரசாணையைப் பொறிப்பதற்காக, கல்தச்சர்கள் அந்தப் பாறையின் முகத்தை வழவழவென்று தேய்த்திருந்தார்கள். பொறித்து முடிந்த ஆணையை நம்பி ஒரு மான் தன் குட்டியோடு அதன் நிழலில் படுத்திருக்கும்.

ஒருநாள் வேடன் ஒருவன் வந்து பாறைமுன் குனிந்தான். மான் பதறி எழுந்தது.

"பயப்படாதே தங்கச்சி. ஆணையைப் படிக்கிறான். ஒவ்வொரு எழுத்தையும் எப்படித் தடவித் தடவிப் பார்க்கிறான்!" என்றது பாறை, பெருமை தாங்காமல்.

"நீ சொன்னால் சரி, அண்ணா" என்று மான் மறுபடி படுத்துக்கொண்டது.

வேடன் கத்தியைத் தீட்டி முடித்து நிமிர்ந்தான்.

மறுநாள் குட்டி மட்டும் வந்தது. "மாமா, உன்மேல் என்னதான் எழுதியிருக்கிறது?"



"மனிதனைக் கண்டால் ஓடு என்று எழுதியிருக்கிறது, கண்ணு."