எண்ணெய் பார்க்கும் பால்ராஜ்

“எண்ணெயைக் கொண்டாந்துட்டீல்ல, அது போதும். மிஷினை எதுக்கு இங்கிட்டு இழுத்துக்கிட்டு வரணும்?” என்று சொல்லிக் கலைமதியிடமிருந்து அந்தச் சின்ன பாட்டிலை வாங்கினார் பால்ராஜ்.

குளத்தூரில் எண்ணெயும் உதிரிபாகமும் விற்கும் அவருடைய பட்டறைக்கு டிராக்டர் வந்தாலும் பொக்லைன் வந்தாலும் பால்ராஜ் முதலில் பார்ப்பது எண்ணெயைத்தான். மற்றவர்கள் கழற்றிப் பார்த்துக் கண்டுபிடிப்பதை, அவர் முகர்ந்தே சொல்லிவிடுவார். அப்படித்தான் அவரே சொல்லிக்கொள்வார்.

கலைமதியின் மகளிர் குழுவில் பன்னிரண்டு பேர். மரக்கிளைகளைச் சிறு சிறு துண்டுகளாக்கும் மிஷின் ஒன்றை எல்லோரும் சேர்ந்து வாங்கி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். பம்பு தள்ளும் ஹைட்ராலிக் எண்ணெயின் அழுத்தத்தில் இரண்டு உருளைகள் சுழன்று கிளையை உள்ளே இழுக்க வேண்டும். நான்கு நாட்களாக அவை அசையவே இல்லை. வெட்டிப்போட்ட தைலமரக் கிளைகள் கொல்லை முழுக்கக் கிடக்க, பன்னிரண்டு பேரும் நிழலில் உட்கார்ந்து மிஷினையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“நீங்க மாட்டிக் குடுத்த பம்புதாண்ணே. நாப்பது நாள்கூட ஆகல. ஆறு மாசம் கேரண்டின்னு எழுதிக் குடுத்தீங்க.”

“குடுத்தேன். இல்லைங்கல. எண்ணெய் ஒழுங்கா இருந்தாத்தான் கேரண்டின்னு அதுலயே கீழ பொடி எழுத்துல போட்டிருக்கேன். படிச்சியா?”

“நேத்துத்தாண்ணே படிச்சேன்.”

“இது ஒங்க மிஷின் எண்ணெய்தானே?”

“மிஷினுக்கு ஊத்துற எண்ணெய்தாண்ணே.”

பால்ராஜ் பாட்டிலை வெயிலில் தூக்கிப் பிடித்து ஒரு கண்ணை மூடிக்கொண்டார்.

“பாத்தியா, மங்கலா இருக்கு. தண்ணி சேந்திருக்கு. மழையில நனைய விட்டிருக்கீங்க.”

முந்தின நாளே டிராக்டரைச் சரிபார்க்க விட்டுவிட்டு, இன்று பைக்கில் வந்து ஸ்டூலில் காத்திருந்த திருமுருகன் எட்டிப் பார்த்தார். “எனக்குத் தெளிவாத்தாங்க தெரியுது.”

“நீ மொதல்ல கண்ணாடி போடு.”

“மிஷினுக்குத் தார்ப்பாய் போட்டுத்தாண்ணே வச்சிருக்கோம்,” என்றாள் கலைமதி.

“அதான். தார்ப்பாய்க்குள்ள மிஷினுக்கு வேர்த்திருக்கு.”

அடுத்தது வாசனை. இடது மூக்கில் ஒருமுறை, வலது மூக்கில் ஒருமுறை இழுத்துவிட்டு, கோயிலில் நிற்பவர்போலச் சற்று நேரம் கண்ணை மூடி நின்றார்.

“கருகல் வாடை. மூச்சு விட நேரம் குடுக்காம ஓட்டியிருக்கீங்க. மிஷினும் ஒரு சீவன்தானம்மா.”

கலைமதி முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றாள்.

“திருமுருகா, ஒன் பைக்கு சூடா இருக்கா?”

“இப்பத்தானே டீ குடிச்சுட்டு வந்தேன். சூடாத்தான் இருக்கும்.”

பால்ராஜ் பைக்கின் சைலென்சரில் ஒரு சொட்டு விட்டார். “தண்ணி கலந்த எண்ணெய் சூட்டுல பட்டா பொரியும்,” என்று விளக்கிக்கொண்டே காதைக் கிட்டே கொண்டுபோனார். கொஞ்சம் அதிகமாகவே கொண்டுபோய்விட்டார். சட்டென்று நிமிர்ந்தார்.

“கேட்டுச்சா?”

“இல்லைங்களே,” என்றார் திருமுருகன்.

“பழகுன காதுக்குத்தான் கேக்கும்,” என்றார் பால்ராஜ், சுட்டுக்கொண்ட காது மடலைத் தேய்த்தபடி.

கடைசியாக விரலில் ஒரு துளி எடுத்து உரசினார். அது போதாதென்று நுனிப்பல்லில் தடவிக் கடித்துப் பார்த்தார். திருமுருகன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“இரும்புத் தூள். நறநறங்குது.” துப்பிவிட்டு வாய் கொப்பளித்தார். “தண்ணி, கருகல், தூள். மூணும் இருக்கும்மா. இந்த எண்ணெயில ஓடுனா எந்தப் பம்பும் தாங்காது. கேரண்டியெல்லாம் செல்லாது. நீங்க புதுப் பம்புதான் வாங்கணும்.”

“நல்லாப் பாத்துட்டீங்களாண்ணே? இன்னொரு தடவை வேணும்னா…”

“பால்ராஜ் ஒரு தடவை பாத்தா பாத்ததுதான்.”

கலைமதி தயங்கினாள். “வாயால போய்ச் சொன்னா குழுவுல ஒத்துக்க மாட்டாங்கண்ணே. நீங்க ஒரு தாள்ல எழுதிக் குடுத்தீங்கன்னா நல்லாருக்கும்.”

இதுவரை யாரும் பால்ராஜிடம் இப்படிக் கேட்டதே இல்லை. மேசையைத் துடைத்து, பட்டறைப் பெயர் அச்சடித்த லெட்டர் பேடை எடுத்தார். ‘இன்று என்னிடம் காட்டப்பட்ட ஹைட்ராலிக் எண்ணெயில் தண்ணீர், கருகல், இரும்புத் தூள் ஆகியவை உள்ளன. இது எந்த மிஷினுக்கும் ஊற்றத் தகாத எண்ணெய்’ என்று எழுதினார்.

“சந்தேகமில்லன்னும் போட்டுருங்கண்ணே. அப்பறம் யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க.”

‘இதில் துளியும் சந்தேகமில்லை’ என்று சேர்த்து, அடிக்கோடும் போட்டார். கையெழுத்திட்டு, சீலை ஒருமுறை குத்தி, அது மங்கலாக விழுந்ததென்று மறுபடியும் குத்தினார். சாட்சிக்குத் திருமுருகனையும் கையெழுத்துப் போட வைத்தார்.

“எதுக்கு அழுவுற மாதிரி நிக்கிற? தப்பு நடக்குறதுதான். இனிமே எண்ணெயை ஒழுங்காப் பாத்துக்கங்க.”

“சரிங்கண்ணே.”

கலைமதி தாளை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள். அதன் பிறகுதான் அவள் முகத்தில் சிரிப்பு வந்தது.

“நேத்து ஜாஸ்பின்னு ஒரு பொண்ணு ஒங்ககிட்ட சீல் ஒடைக்காத எண்ணெய் டப்பா வாங்கிட்டுப் போச்சுல்ல, எங்க குழுவுப் பொண்ணுதாண்ணே அது, அந்த டப்பாவைக் காலையில ஒடச்சு பாட்டில்ல ஊத்திக்கிட்டு வந்ததுதான் இது, இன்னும் மிஷின் பக்கமே போகல. நீங்க வித்த எண்ணெய் கெட்டதா, ஒங்க மூக்கு கெட்டதான்னு யோசிச்சு வைங்க, நான் போயி பழைய பம்பைக் கழட்டிக்கிட்டு வாரேன்.”