லிவிங்ஸ்டனில் ஏறியவர்

அவள் எழவில்லை.

விமானப் பணியாளர் இரண்டாம் முறையாகக் குனிந்தார். குரலில் தேன் குறையவில்லை.

"பின்னால் இரண்டு இருக்கைகள் காலியாக உள்ளன, அம்மணி. உங்கள் இருவருக்கும் வசதியாக இருக்கும்."

மேசைக்கு அப்பால் வெள்ளைக்காரப் பண்ணையார் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். ஜோகன்னஸ்பர்க்குக்கு முந்தைய நிறுத்தமான லிவிங்ஸ்டனில் இப்போதுதான் ஏறியவர். அவளும் அவள் அண்ணனும் அமர்ந்திருந்த நால்வர் மேசையில்தான் அவருக்கும் இடம். இந்தியர்களுக்கு எதிரே அமர்ந்து அவர் உண்ணமாட்டாராம்.

இலண்டனிலிருந்து அதுவரை எவரும் எதுவும் சொல்லவில்லை.

ஐம்பத்திரண்டாம் ஆண்டு. முன்விசிறி இல்லாமல் பறக்கும் புது விமானம். ஊர்தோறும் மக்கள் அண்ணாந்து பார்த்த ஜெட். செவிலியர் படிப்பை முடித்த தங்கையை அழைத்துவரப் போன அண்ணன், ஆசைப்பட்டு அதில் இடம் வாங்கியிருந்தார். ரோமாபுரி போயிற்று. கார்ட்டூம் போயிற்று. காலம் மாறிவிட்டது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.

இப்போது அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

"வா தங்கச்சி. நாம் இறங்கப்போவது வெள்ளையர் ஆளும் ஜோகன்னஸ்பர்க். அங்கே நம் கடை இருக்கிறது. கொக்குகளோடு பறந்த ஆமை ஏன் விழுந்தது? வாயைத் திறந்ததால்தானே."

அந்தக் கதை அவளுக்கும் தெரியும். ஆமைக்கு ஆயிரம் பேர் புத்தி சொல்லியிருக்கிறார்கள். கீழே நின்று கேலி செய்தவர்களுக்கு மட்டும் ஒருவரும் சொன்னதில்லை.

அவள் வாயைத் திறந்தாள்.

"அவ்வளவு வசதியான இடமென்றால் அவருக்கே கொடுங்கள்."

அண்ணன் யாரையும் பார்க்காமல் பின்னால் நடந்தார். கடைசி வரிசையில், சன்னலோரமாக ஒடுங்கி அமர்ந்தார்.

அவள் தனியானாள்.

மேசை விளிம்பைப் பற்றினாள். பிடி தளரவில்லை.

கதவு சாத்தப்பட்டது. எஞ்சின்கள் ஊளையிடத் தொடங்கின.

ஜெட்டுக்கு ஒரு குணம் உண்டு. உயரத்தில் அளவோடு உண்ணும். தரையில் நின்றாலோ, கோடையில் குளத்தைக் கண்ட யானைபோல் மண்ணெண்ணெயைக் குடித்துத் தீர்த்துவிடும். எவருடைய கௌரவத்துக்காகவும் அதைக் காக்கவைக்க விமானியால் முடியாது.

பணியாளர் கடிகாரத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு முதன்முறையாகப் பண்ணையாரின் பக்கம் குனிந்தார்.

"ஐயா, தயவுசெய்து எங்கேயாவது அமருங்கள்."

மற்ற இருக்கைகள் யாவும் நிரம்பியிருந்தன. ஒன்று, அவளுடைய மேசை. இல்லையேல், கடைசி வரிசையில் அவள் அண்ணனுக்குப் பக்கத்து இடம்.

பண்ணையாரின் கழுத்து சிவந்தது.

விமானம் நகர்ந்தது. அவர் இருக்கைக்கு இருக்கை கையூன்றிப் பின்னால் போனார். எதிரே அமரவே மாட்டேன் என்றவர், எல்லார் தோளையும் தொட்டுக்கொண்டு போனார்.

மேகங்கள் கீழே இறங்கின. தேநீர் வந்தது. நான்கு பேருக்கான மேசையில் அவள் ஒருத்தியாக அதைப் பருகினாள். ஜோகன்னஸ்பர்க்கில் காத்திருப்பது உறவினரா காவலரா என்று அவளுக்குத் தெரியாது. தேநீர் சூடாக இருந்தது.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. அண்ணனுடைய குரல். கடைக்குள் வெள்ளைக்காரர் நுழைந்தால் கல்லாப்பெட்டியைத் தாண்டாத குரல். இன்று அது விமானத்தின் முன்வரிசைவரை வந்தது.

"முழங்கையைச் சற்று எடுங்கள், ஐயா. இது என் பக்கம்."