கழுத்துப் பொத்தான்

கழுத்துப் பொத்தான் தொண்டையை நெரித்தது.

அவர் தொடவில்லை.

காலையில் ஆவுடையம்மாள் தன் கையாலேயே மாட்டிவிட்டது. பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிற பிள்ளைக்குச் சொல்வதுபோல் புருஷனுக்குச் சொல்லி அனுப்பினாள்.

"இது அவுந்துராமப் பாத்துக்கிடுங்க. சத்தம் வெளிய வராது."

முப்பத்தொரு வருஷம் பஸ்ஸில் கண்டக்டர். பேட்டையில் நின்று 'சேரன்மாதேவி' என்று ஒரு குரல் கொடுத்தால், சேரன்மாதேவியில் காத்திருப்பவர்கள் வண்டி வந்துவிட்டதென்று குடையை மடக்குவார்கள். அம்பாசமுத்திரத்தில் ஒரு மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியதாகவும் பேச்சு உண்டு. மாட்டுக்காரர் இன்னும் அவரோடு பேசுவதில்லை.

ரிட்டயர் ஆகி ஒன்றரை வருஷம்.

வீட்டில் அவர் காபி கேட்டால் நாலு வீட்டில் அடுப்புப் பற்றவைத்தார்கள்.

ஒரு நாளைக்கு எழுநூறு முகம் பார்த்த மனுஷன். இப்போது ஒரே முகம். அதுவும் 'மெதுவா, மெதுவா' என்று சொல்கிற முகம்.

வேலை தேடிப் போனார். நூலகத்தில் மூன்று நாள் வைத்திருந்தார்கள். யோகா நிலையத்தில் ஒரு நாள். குழந்தைகள் காப்பகத்தில் பதினோரு நிமிஷம். தூங்கிக்கொண்டிருந்த பதினாலும் ஒரே நேரத்தில் எழுந்துகொண்டன.

இது நான்காவது. கண் ஆஸ்பத்திரி. முன்கூடத்தில் உதவியாளர்.

இதுவும் போனால் அப்புறம் எங்கேயும் கேட்பதில்லை என்று முடிவு செய்திருந்தார்.

எதிரே ஒரு பெண். அவர் மகளைவிடச் சின்னவள். முன்னால் ஒரு படிவம். அதில் இரண்டு கட்டங்கள்.

"உங்க பலம் என்ன சார்?"

"பொறுமை."

கொசு, இன்னொரு கொசுவிடம் ரகசியம் சொல்வதுபோல் சொன்னார்.

"என்ன சார்?"

"பொறுமை."

அவள் பாதி மேஜையைத் தாண்டி வந்துவிட்டாள். மூன்றாவது தடவை பிடிபட்டது. முதல் கட்டத்தில் எழுதினாள்.

"பலவீனம்?"

இதற்கும் ஆவுடையம்மாள் பதில் மனப்பாடம் செய்ய வைத்திருந்தாள். வேலை என்று வந்துவிட்டால் சாப்பாடே மறந்துபோகும் என்று சொல்லவேண்டும்.

வாயைத் திறந்தார்.

முப்பத்தொரு வருஷத்தில் ஒரு வேளைச் சாப்பாட்டைக்கூட மறந்ததில்லை. பொய் தொண்டைவரை வந்து பொத்தானில் மாட்டிக்கொண்டது.

வெளியே 'டிங்' என்றது.

அந்தச் சத்தத்தை அவர் ஒரு மணி நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், புத்தம் புதிய டோக்கன் போர்டு. வாசற்கதவு அகலம். ஒவ்வொரு எண்ணும் ஒரு பூசணிக்காய் பெரிசு. செக்கச் சிவப்பு.

முப்பத்தேழு.

ஒருவரும் எழவில்லை.

எப்படி எழுவார்கள்? காத்திருந்த அத்தனை பேரும் கண்ணில் சொட்டு மருந்து விட்டு, கண்ணை இறுக மூடி, தலையைச் சுவரில் சாய்த்திருந்தார்கள். துணைக்கு வந்தவர்கள் டீக்கடையில்.

டிங்.

நர்ஸ் கதவைத் திறந்தாள். பாதிக் குரல்தான் வந்தது.

"மேடம், முப்பத்தேழு யாருன்னே தெரியல. கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்குத் தொண்டை கட்டிட்டு. டாக்டர் சும்மா உக்காந்திருக்காங்க."

டிங்.

அவர் நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டார். ஆவுடையம்மாளை நினைத்தார். காப்பகத்துப் பதினாலையும் நினைத்தார்.

டிங்.

எழுந்தார். கதவுக்குப் போனார்.

"முப்பத்தேழேய்! முப்பத்தேழு எந்திரிங்க! முப்பத்தெட்டு, முப்பத்தொம்போது முன்னால வாங்க! பையை எடுத்துக்கிடுங்க, படி இருக்கு, பாத்து!"

கண்ணாடி நடுங்கியது. டீக்கடைக்காரர் அடுப்பை அணைத்தார். துணை ஆட்கள் பாதி வடையோடு ஓடிவந்தார்கள். மூன்றாம் மாடியில் லிஃப்ட் தானாகத் திறந்துகொண்டதாம். அதை லிஃப்ட்டிடம்தான் கேட்கவேண்டும்.

மூன்று பேர் எழுந்து, ஒருவர் தோளை ஒருவர் பிடித்து, வரிசையாக வந்தார்கள்.

மூலையில் பச்சைச் சேலை கட்டிய பெண்ணும் எழுந்தாள். கண்ணைத் திறக்கவில்லை. மடியிலிருந்த பையை அவசரமாக நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள்.

"கல்லிடைக்குறிச்சி ஸ்டாப் வந்துட்டா, அண்ணாச்சி?"



அவர் அவளுக்குப் பக்கத்தில் போனார்.

"இன்னும் வரலம்மா. உக்காருங்க. வந்ததும் நான் சொல்லுதேன்."

மெதுவாகத்தான் சொன்னார். அவருக்கே ஆச்சரியம்.

அவள் உட்கார்ந்தாள். பை மடிக்குத் திரும்பியது.

அவரும் திரும்பி வந்து உட்கார்ந்தார். மேஜையையே பார்த்தார்.

"அதுதான் மேடம்," என்றார். "பலவீனம்."

அவள் பேனாவை எடுத்தாள். இரண்டாவது கட்டத்துக்குக் கொண்டுபோனாள். அங்கேயே நிறுத்தினாள். கொஞ்ச நேரம் அந்தப் பேனா இரண்டு கட்டங்களுக்கும் நடுவில், எந்த ஸ்டாப்பில் இறங்குவதென்று தெரியாத ஆள் மாதிரி நின்றது.

வெளியே டிங்.

அவள் போர்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. பேனாவை மூடினாள். அவரைப் பார்த்தாள்.

"சார்... நாப்பது."

அவர் கழுத்துப் பொத்தானைக் கழற்றினார்.