கொருக்குப்பேட்டை மௌனம்

பதினாறாவது ஆளும் கொருக்குப்பேட்டையில் நிற்காமல் போய்விட்டார். யசோதரா நிம்மதியாக அவர் பெயருக்கு எதிரே ஒரு டிக் போட்டாள்.

வடசென்னையில், டோல்கேட் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபம். 'கடைசிப் பொட்டி' ராப் ஆல்பம் வந்து இருபது வருஷம் ஆகிவிட்டதாம், ஞாயிற்றுக்கிழமை அதற்கு ஒரு விழா. மேடையில் பாட ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

பாடினவரையே கூப்பிடலாமே என்றால், அவர் எங்கே? சிடி அட்டையில் 'உதயா' என்று ஒரு பெயர், ரயில் படியில் தொங்குகிற ஒரு முதுகு, அவ்வளவுதான். முதல் ஆல்பத்தோடு ஆள் காணாமல் போனார். துபாயில் இருக்கிறார் என்றார்கள், செத்துப்போய்விட்டார் என்றார்கள். போன வருஷம் யாரோ கண்ணீர் அஞ்சலி போஸ்டரே ஒட்டிவிட்டார்கள்.

ஆனால் ஆல்பம் மட்டும் சாகவில்லை. ரசிகர் மன்றச் செயலாளர் ஜெரால்டு ஓட்டுகிற ஷேர் ஆட்டோவில் இன்றைக்கும் வேறு பாட்டு கிடையாது. காசிமேட்டில் மீன் வெட்டுகிற கன்னியம்மா கத்தியை நிறுத்தாமல் மூன்றாவது பாட்டை முழுசாகச் சொல்வாள்.

அந்த மூன்றாவது பாட்டில்தான் விஷயமே. எண்ணூர் போகிற ரயிலின் ஸ்டேஷன்களை உதயா வரிசையாக அடுக்குவார். ராயபுரம், வண்ணாரப்பேட்டை என்று வந்து, கொருக்குப்பேட்டை வரவேண்டிய இடத்தில் ஒரு தாளம் மௌனம். அப்புறம் நேராகத் தண்டையார்பேட்டை.

காதலி அந்த ஊர்க்காரி என்றார்கள். சிநேகிதன் அங்கே ரயிலில் அடிபட்டான் என்றார்கள். ரயிலில் தொங்கிக்கொண்டு பாடுகிறவர்கள்கூட அந்த இடம் வந்தால் நெஞ்சில் கை வைத்து வாயை மூடிக்கொள்வார்கள்.

யசோதரா அதைவிட ஆழமாகப் போனாள். வியாசர்பாடியில் அவள் தெருவிலிருந்து டாக்டர் பட்டம் வாங்கப்போகிற முதல் பெண் அவள். நாலு வருஷ ஆராய்ச்சியில் அறுபத்திரண்டு பக்கம் அந்த ஒரு தாள மௌனத்தைப் பற்றியே எழுதியிருந்தாள். ரயில்வே கேட்டில் காத்துக் கிடக்கிற ஜனங்களின் சொல்ல முடியாத கோபம்தான் அந்த மௌனம் என்பது அவள் முடிவு. ஆய்வேட்டைத் திங்கட்கிழமை கொடுக்கவேண்டும். இந்த ஆராய்ச்சிக்காகத்தான் அவளை நடுவராக உட்கார வைத்திருந்தார்கள்.

பதினேழாவதாக வந்தவர் வேலப்பன். ஐம்பதை நெருங்கின ஆள், துறைமுகத்தில் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர், கையில் சாப்பாட்டுப் பை. விண்ணப்பத்தில் 'பாட்டை முதலில் கேட்டது எப்போது' என்ற இடத்தில் 2004 என்று எழுதியிருந்தார். ஆல்பம் வந்ததே 2005 பொங்கலுக்கு. பெருமைக்கு அடித்துவிடுகிறவர்கள் எங்கேயும் உண்டு என்று யசோதரா சிவப்புப் பேனாவால் திருத்தினாள்.

அவர் பாட ஆரம்பித்ததும் மண்டபத்தில் நாற்காலி இழுக்கிற சத்தம்கூட நின்றுபோனது. வேகம் இருந்தது, மூச்சு இருந்தது. பக்கத்து நாற்காலியில் ஜெரால்டு கண்ணைத் துடைத்துக்கொண்டான். ஆள் கிடைத்துவிட்டது என்று யசோதரா பேனாவைத் தூக்கினாள்.

ராயபுரம், வண்ணாரப்பேட்டை வந்தது. அப்புறம் வேலப்பன் தெளிவாக, கொஞ்சமும் கூச்சமில்லாமல், "கொருக்குப்பேட்டை" என்றார்.

பின்வரிசையில் யாரோ நெஞ்சில் வைத்த கையை எடுக்க மறந்து உட்கார்ந்திருந்தார். ஜெரால்டு பாட்டை நிறுத்தச் சொல்லி மேஜை மணியை அடித்தான்.

"இன்னா நைனா, பாட்ட ஒயுங்கா கேட்டுகீறியா இல்லியா? சாமி பேர தப்பா சொன்னா மாதிரி கீது."

வேலப்பன் கோபித்துக்கொள்ளவில்லை. அங்கே அந்தப் பேர் வரத்தான் வேண்டும், ரயில் நிற்கிறதே என்றார். ஜெரால்டு பாட்டைப் பற்றி அவருக்குத் தெரியாததெல்லாம் பத்து நிமிஷம் சொல்லிக்கொடுத்தான்.

யசோதராவுக்குப் பாவமாகப் போய்விட்டது. அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஆராய்ச்சிக் கட்டைத் திறந்து, நாலாவது அத்தியாயத்தை வாசித்துக் காட்டினாள். அவர் வாத்தியார் முன்னால் உட்கார்ந்த மாதிரி பையை மடியில் வைத்துக் கேட்டார்.

"இத்தினியும் அந்த ஒரு எடத்துக்காம்மா?"

"அறுபத்திரண்டு பக்கம்ணே. நாலு வருஷம். அந்த மௌனம் இல்லன்னா என் தீசிஸே இல்ல."

வேலப்பன் தலையாட்டினார். எழுந்து வாசல்வரை போனார். செருப்பை மாட்டினார், கழற்றினார், திரும்பி அவளிடமே வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ரெக்கார்டிங் அன்னிக்கி அந்த எடத்துல எனக்கு இருமல் வந்துச்சும்மா."