அலமாரிக்குள் கடல்

எடிட்டிங் அறையில் மூன்றே பேர். படத்தின் இயக்குநர், அதற்குப் பணம் போட்ட அவளுடைய அப்பா, எடிட்டரான நான்.

திரையில் ஒரு தகப்பன் தன் மகளை மர அலமாரிக்குள் தள்ளிப் பூட்டினான். பிறகு பேப்பரை விரித்து உட்கார்ந்துவிட்டான். கேமரா அந்தப் பூட்டிய கதவை விட்டு நகரவே இல்லை.

"நிறுத்துப்பா" என்றார் அவர் என்னிடம். பிறகு மகளிடம் திரும்பினார். "முதல் படத்துல அலமாரியத் திறந்தா கடல் கொட்டுச்சு. எல்லாரும் வாயைப் பொளந்து பார்த்தாங்க. அதுக்கு முன்கதைன்னு இந்தக் கண்றாவி எதுக்கும்மா?"

"அந்தக் கடல் எங்கேருந்து வந்துச்சுன்னு சொல்ல வேணாமாப்பா?" அவள் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை.

"பெத்தவன் எவனாவது இப்படிச் செய்வானா? சரி, பூட்டுறதைக்கூட வச்சுக்கோ. அந்தப் புள்ள உள்ளேருந்து கதவைத் தட்டித் தட்டிக் கதறுதே, அதை மட்டும் எடுத்துடு. காது கொடுத்துக் கேக்க முடியல."

நான் ஸ்பீக்கரைப் பார்த்தேன்.

"சார், இதுல வெறும் காட்சி மட்டும்தான் இருக்கு. இன்னும் சத்தமே சேர்க்கலையே."

அவள் ஆறிப்போன டீயை ஒரு வாய் குடித்தாள்.

"அப்போ, அன்னைக்கெல்லாம் உங்களுக்குக் கேட்டிருக்கு" என்றாள்.