முதல் காய்ப்பு

பதினோரு வருடங்களுக்கு முன் இரண்டு ரகங்களைக் கலந்து சற்குணம் உருவாக்கிய பிளம்ஸ் மரம் இந்த ஆண்டுதான் காய்த்தது. ருசி எப்படியென்று அவர்தான் அறிக்கை எழுத வேண்டும். ஆனால் போன வருடக் காய்ச்சலில் போன ருசியும் வாசனையும் அவருக்குத் திரும்பவே இல்லை. ஆராய்ச்சிப் பண்ணையில் யாரிடமும் அதைச் சொல்லவில்லை. பழம் பறிக்கும் ரோஸ்லினிடம் ஒன்றை நீட்டினார்.

“நல்லாருக்கு சார்.”

“நல்லான்னா, எப்படிம்மா?”

அவள் கண்ணை மூடி மென்றாள். “தோலு புளிக்குது. உள்ள கருப்பட்டி கணக்கா இனிக்குது. முழுங்குனதும் ஏதோ பூ வாசம்.”

“என்ன பூ?”

“சொல்லத் தெரியல சார். நீங்களே தின்னு பாருங்களேன்.”

அவள் பார்த்துக்கொண்டிருக்க, அவர் ஒன்றைக் கடித்தார். வாயில் குளிர்ச்சியும் ஈரமும் மட்டுமே இருந்தன.

“ஆமா,” என்றார். “ஏதோ பூதான்.”